ஈயம் என்னும் பெயர்

உலகில் பொருள்கள் பலவாகவும் அவற்றுக்கு நாம் இட்ட பெயர்கள் சிலவாகவும் இருப்பது இயற்கை. ஒரே பெயரை இரண்டு பொருளுக்கு வழங்குவதால் அன்றாடப் பேச்சில் விளையும் கேடு சிறிதே. கேட்பவர் இடமறிந்து பொருள் கொள்வர். ஆனால், அவ்விரண்டனுள் ஒன்று உண்கலத்தைக் காப்பதாயும், மற்றொன்று உண்பவர் உடலைக் கெடுப்பதாயும் இருக்குமானால், அந்தப் பெயர் மயக்கம் புலவர் பொழுதுபோக்குக்குரிய சொல்லாராய்ச்சியாக மட்டும் நின்றுவிடாது. அத்தகைய மயக்கத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்ட பெயர்களுள் தலையாயது "ஈயம்" என்பது.

பேராக் நாட்டுத் தமிழருக்கு ஈயம் இன்னதென விளக்க வேண்டுவதில்லை. ஈப்போவினின்று பத்து காஜாவுக்கோ கம்பாருக்கோ செல்லும் சாலையின் இருமருங்கும் வானத்தைக் காட்டிக் கிடக்கும் குட்டைகள் பல, ஈயம் தோண்டி எடுத்த பள்ளங்களே. பேராக் என்னும் மலாய்ச் சொல்லின் பொருள் வெள்ளி என்பதாம். இங்கு வெள்ளிச் சுரங்கம் பெயர் பெற்றதில்லை. வெள்ளிபோல் மின்னும் ஈயத்தைக் கண்டே இப்பெயர் இட்டனர் என்பது பெயர்க்காரணம் கூறுவோருள் ஒருசாரார் கருத்து. அக்கருத்தின்படி, நாம் குடியிருக்கும் நாட்டின் பெயரே ஓர் உலோகத்தைச் சொல்லி மற்றோர் உலோகத்தைச் சுட்டுவதாகும். ஆதலின், ஒரு பெயருக்குள் எத்தனை பொருள் மறைந்திருக்கக்கூடும் என்று ஆராய்வதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

முதற்கண் பொருளைப் பிரித்தறிவோம். விஞ்ஞானத்தை ஆங்கில வாயிலாகப் பயின்ற நம் போன்றோர் "டின்" என்றும் "லெட்" என்றும் இரண்டு தனிச் சொற்களைக் கற்றோம். வீட்டிற்கு வந்தாலோ இரண்டும் ஈயமே. முன்னது வெள்ளீயம், பின்னது காரீயம். வெள்ளீயம் வெண்மையும் ஒளியும் உடையது. ஒரு கன சென்டிமீட்டர் ஏறத்தாழ 7.3 கிராம் எடையுள்ளது. 232 பாகை வெப்பத்தில் உருகுவது. காரீயம் கருநீலம் ஓடிய சாம்பல் நிறத்தது. அதே அளவு 11.3 கிராம் எடையுள்ளது. 327 பாகையில் உருகுவது. இரண்டும் மென்மையானவை, இரும்பையும் செம்பையும் நோக்க மிக எளிதில் உருகுபவை. இந்த ஒற்றுமையே இரண்டையும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளாக மக்கள் எண்ணுவதற்குக் காரணமாயிற்று.

இவ்வாறு எண்ணியவர் தமிழர் மட்டுமல்லர். பண்டை ரோமர் காரீயத்தைக் கரிய பிளம்பம் என்றும், வெள்ளீயத்தை வெள்ளைப் பிளம்பம் என்றும் வழங்கினர். மலாய் மக்கள் வெள்ளீயத்தைத் "தீமா" என்றும், காரீயத்தைக் கறுப்புத் தீமா எனப் பொருள்படும் "தீமா ஹீத்தாம்" என்றும் சொல்கின்றனர். நம் முன்னோர் செய்ததும் இதுவே. கிரேக்கரும், வடமொழியாளரும், சீனரும் தொடக்கந்தொட்டே இரண்டு தனிப் பெயர் வைத்திருந்தனர். வடமொழியில் வெள்ளீயம் "திரபு"; காரீயம் "சீசம்". யசுர்வேதத்து உலோகப் பட்டியலிலேயே இவ்விரண்டும் தனித்தனியாக எண்ணப்பட்டுள்ளன. இச் சீசமே பாகதத்தில் திரிந்து, சகசிரம் என்பது தமிழில் ஆயிரமானது போல, ஈயமாயிற்று என்பர் மொழிநூலார் சிலர். சிங்களத்திலும் ஈயம் என்பது இன்றுவரை காரீயத்தையே குறிக்கின்றது. இக்கூற்றின்படி நோக்கின், நம் சொல் முதலிற் காரீயத்துக்கு உரியதாயிருந்து பின்னர் வெள்ளீயத்தையும் தன் நிழலிற் சேர்த்துக்கொண்டது எனலாம்.

மயக்கம் இவ்வளவில் நிற்கவில்லை. எழுதுகோலுக்குள் இருக்கும் கருங்குச்சியைப் பலரும் ஈயம் என்கின்றனர். இலங்கைத் தமிழர் அப்பொருளுக்குக் காரீயம் என்றே பாடநூலில் பெயரிட்டுள்ளனர். அது ஈயமும் அன்று, உலோகமும் அன்று. கரியின் ஒரு வகை. ஆங்கிலேயரும் இதே பிழையில் வீழ்ந்தவரே. அவர்கள் இன்றும் அதனை லெட் பென்சில் என்கின்றனர். 1779-ஆம் ஆண்டில் ஷீலே என்னும் சுவீடன் நாட்டு ரசாயன அறிஞர் அது கரியே என மெய்ப்பித்தார். பெயர் மட்டும் மாறவில்லை. இன்னும் "வங்கம்" என ஒரு சொல் உண்டு. அது ஈயத்துக்கும் பெயர், வெள்ளிக்கும் பெயர், கப்பலுக்கும் பெயர். "நாகம்" என ஒரு சொல் உண்டு. ஆயுர்வேதத்தார்க்கு அது காரீயம். சித்த மருத்துவர்க்கு அது துத்தநாகம். நாட்டின் மேற்கூரைகளை நாம் தகரம் என்கிறோம். தகரம் என்பது வெள்ளீயத்துக்கும் ஒரு பெயர். ஆயின் கூரைத் தகட்டின்மேல் பூசியிருப்பதோ துத்தநாகம். ஒரே தலைப்பில் இரண்டு சரக்கைப் பதிந்து வைத்தால் பேரேடு எப்படிக் கெடும் என்பது தோட்டத்துக் கிராணி வேலை பார்ப்போர் எவருக்கும் தெரியும். மொழி என்னும் பேரேட்டிலும் அதுவே நிகழ்ந்துள்ளது.

இனி, இப்பொருள்கள் வரலாற்றில் எவ்வாறு பயன்பட்டன என்று காண்போம்.

வெள்ளீயத்தின் முதற் பெருமை வெண்கலம். செம்பு தனியே மென்மையானது. அதனோடு வெள்ளீயம் சேர்ந்தால் வன்மையும் ஓசையும் பிறக்கும். பொருநையாற்றங்கரையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரே அகழ்ந்தெடுத்த பழம்பொருள்களுள் வெண்கலக் கலங்கள் உண்டு. அவ்விடத்துக் கலங்களிற் சில, நூற்றுக்கு 20-க்கு மேல் வெள்ளீயம் கலந்த உயர்வகை வெண்கலம் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டனர். இத்தகைய வெண்கலத்தைக் குளிர்ந்த நிலையில் அடித்தால் உடையும்; செஞ்சூட்டில் அடித்துத் தண்ணீரில் தோய்த்தெடுக்க வேண்டும். இந்நுட்பம் அறிந்த கருமான்கள் அக்காலத்தே இருந்தனர். சோழர்காலத்துச் செப்புத் திருமேனிகளிலும் செம்போடு வெள்ளீயமும் காரீயமும் கலந்துள்ளன. காரீயம் சேர்ந்த கலவை உருகி நன்கு ஓடி, அச்சின் நுண்ணிய இடங்களிலெல்லாம் நிறையும்.

தமிழ்நாட்டு நிலமோ வெள்ளீயத்துக்குப் பெயர் பெற்றதன்று. வேண்டியவர் வெளியிலிருந்தே வரவழைத்தனர். கி. பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், முசிறித் துறையில் இறங்கிய சரக்குகளைச் சொல்லுமிடத்துச் செம்பு, வெள்ளீயம், காரீயம் என மூன்றையும் பிரித்தே எண்ணுகின்றது. காரீயம் நாணயமாகவும் வழங்கிற்று. சாதவாகன மன்னர் காரீயத்தில் காசு அடித்தனர்; இருபாய்மரக் கப்பல் பொறித்த அவர்தம் காரீயக் காசுகள் சோழமண்டலக் கரையிற் கிடைத்துள்ளன.

கீழ்க்கடலுக்கு அப்பாலிருந்தும் ஈயம் வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் அராபியர் தம் நூல்களில் கலா என்னும் துறையைப் புகழ்ந்து எழுதினர். அது மலாய்த் தீவக்குறையின் மேற்குக் கரையில் இருந்தது என்பதும், நம் முன்னோர் கடாரம் என்ற கெடாவே அது என்பதும் அறிஞர் பலர் துணிபு. அவ்விடத்து வெள்ளீயத்தை அராபியர் "கலயீ" என்றனர். அச்சொல் பாரசீகம், உருது வழியாகத் தமிழ்நாட்டுத் தெருவரை வந்து "கலாய்" ஆயிற்று. பாத்திரத்துக்குக் கலாய் பூசுதல் என்று தமிழ்நாட்டுப் பாட்டிமார் சொன்னபோது, தாம் மலாய் நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயரைச் சொல்கிறோம் என்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்! நாம் கப்பலேறி இந்நாட்டுக்கு வருமுன்பே இந்நாட்டு மண் நம் அடுக்களைக்குள் புகுந்துவிட்டது.

அடுக்களையிற் புகுந்த அந்த ஈயம் செய்த தொண்டு பெரிது. பித்தளைக் கலத்திலும் செம்புக் கலத்திலும் புளி சேர்ந்த உணவை வைத்தால் களிம்பு ஏறும், உண்டவர் வாந்தியெடுப்பர். அதைத் தடுக்கவே உட்புறம் வெள்ளீயம் பூசினர். பூசுவோர் தெருவோரத்தில் சிறு குழி தோண்டிக் கரியிட்டுத் துருத்தி ஊதுவர், கலத்தைத் துலக்கிச் சூடேற்றுவர், நவச்சாரத்தைத் தூவுவர், வெண்புகை எழும், அந்நேரத்தில் ஈயக்குச்சியைக் கலத்தில் இழுத்துப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் உட்புறமெல்லாம் வெள்ளியாய் மாறிவிடும். "ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை" என்பது நம் பழமொழி. இளித்த பித்தளையின் மானத்தைக் காத்தது அதே ஈயம் என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டது. உழைப்பவனைப் பார்த்து உழைப்பை உண்பவன் இளிப்பது உலகத்துக்குப் புதிதன்று.

நிற்க. பேராக் மண்ணின் வரலாற்றுக்கு வருவோம். கருங்கல் மலைகளின் நரம்புகளில் பிறந்த ஈயக்கல், ஊழிக்கணக்கான மழையால் கரைந்து இறங்கிப் பள்ளத்தாக்குகளில் மண்ணோடு படிந்தது. அது மணலினும் மிகக் கனமானது. ஆகவே மண்ணைக் கரைத்து ஓடும் நீரில் விட்டால் மண் போகும்; ஈயக்கல் தங்கும். மரவையில் அலசும் பெண்ணுக்கும், பலகை வாய்க்காலில் நீர் பாய்ச்சும் முதலாளிக்கும், மாபெரும் மண்வாரிக் கப்பலுக்கும் அடிப்படை இந்த ஓர் உண்மையே.

மலாக்கா சுல்தான்கள் ஈயத்தில் காசு அடித்தனர். முதலை, ஆமை முதலிய வடிவங்களில் வார்த்த ஈயத் துண்டுகளும் மலாய் நாட்டில் பணமாக வழங்கின. 1641-இல் மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர், பேராக் ஈயம் முழுவதையும் தாமே கொள்ள விரும்பிப் பங்கோர்த் தீவில் 1670-இல் கோட்டை கட்டினர். 1848-ஆம் ஆண்டு வாக்கில் லோங் ஜாஃபார் என்னும் மலாய்த் தலைவர் லாருட்டில் ஈயத் தொழிலை வளர்க்கச் சீனத் தொழிலாளரை வருவித்தார். சுரங்கத்துக்கும் நீருக்குமாகச் சீனக் கூட்டத்தார் இருவர் மூட்டிய சண்டை 1861 முதல் பல்லாண்டு நீடித்தது. அதனை வாய்ப்பாகக் கொண்டு ஆங்கிலேயர் 1874-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கையை எழுதிப் பேராக்கினுள் நுழைந்தனர். அந்நிய ஆட்சி இந்நாட்டுக்கு வந்த வழி ஈயத்தின் வழி என்றால் மிகையாகாது.

பின்பு கிந்தாப் பள்ளத்தாக்கின் வளம் வெளிப்பட்டது. 1880-களில் மக்கள் அங்கு திரண்டனர். ஆற்றங்கரைச் சிற்றூராயிருந்த ஈப்போ நகராயிற்று. கோப்பேங், கம்பார், பாப்பான், துரோனோ என ஈயத்தால் ஊர்கள் எழுந்தன. உலக வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி மலாய் நாட்டினின்று சென்ற காலமும் உண்டு.

அவ்வளவு ஈயம் யாருக்கு வேண்டியிருந்தது? 1810-இல் பீட்டர் டுராண்ட் என்பார் உணவைத் தகரப் பெட்டியில் அடைத்துக் காக்கும் முறைக்கு இங்கிலாந்தில் உரிமை பெற்றார். இரும்புத் தகட்டின்மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு, அதுவே அப்பெட்டி. நம் பாட்டிமார் பித்தளைக்குச் செய்ததை அவர்கள் இரும்புக்குச் செய்தனர். இறைச்சியும் மீனும் பழமும் பாலும் அதனுள் புகுந்து உலகெங்கும் சென்றன. பேராக்கில் தோண்டிய ஈயம் அயல்நாட்டுத் தகட்டில் ஏறி, கெட்டிப் பால் டின்னாய்த் திரும்பி வந்து, தோட்டத்து லயத்தில் பாலும் தீர்ந்தபின் தேநீர்க் குவளையாகப் பயன்பட்டது. மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர்க் குடமாயிற்று. இங்கும் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அக்காலத்துப் பெட்டிகளின் விளிம்பை ஒட்டவைத்தது வெள்ளீயமும் காரீயமும் கலந்த ஈயப்பற்று. காப்பவனும் கெடுப்பவனும் ஒரே பெட்டியில் கைகோத்து நின்றனர்.

ஈய வரலாற்றைச் சொல்வோர் மலாய்த் தலைவரையும் சீனத் தொழிலாளரையும் ஆங்கிலக் கம்பெனியையும் சொல்வர். தமிழனைச் சொல்வது அரிது. சுரங்கக் கூலிகளில் மிகப் பெரும்பாலோர் சீனரே என்பது மெய். ஆயினும் ஈயம் துறைமுகத்துக்கு நடந்து போகவில்லை. தைப்பிங்கினின்று போர்ட் வெல்ட் துறைக்கு மலாய் நாட்டின் முதல் ரயில் 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஓடிற்று. அது ஈயத்துக்காகவே போட்ட பாதை. அத்தகைய பாதைகளில் காடு வெட்டியும், மண் கொட்டியும், தண்டவாளம் பதித்தும் உழைத்தோருள் தமிழ்நாட்டினின்றும் இலங்கையினின்றும் வந்த நம்மவர் பலர். நகரத்தார் தொழிலுக்குக் கடன் கொடுத்தனர். மண்வாரிக் கப்பல்கள் வந்தபின் அவற்றிலும் தமிழர் வேலை செய்தனர். தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப்பொருளாய் நிற்கும் ஐந்தாம் எண் கப்பல் 1938-இல் கட்டப்பட்டது; 4,500 டன் எடையது; 1982 வரை உழைத்தது.

அதுமட்டுமோ? ஈய ஏற்றுமதி வரி பல்லாண்டுகள் அரசாங்க வருவாயின் முதுகெலும்பாயிருந்தது. அப்பணத்தில் போட்ட சாலையும் ரயிலுமே பின்னர் இறப்பர்த் தோட்டங்களுக்கு வழியாயின. கோலகங்சாரில் 1877-இல் ஹியூ லோ நட்ட பால் மரக் கன்றுகள் பெருந்தோட்டங்களாய்ப் பெருகியபோது, மரத்துக்கு வேண்டிய வழியை ஈயம் முன்னரே வெட்டி வைத்திருந்தது. ஆகவே, சுரங்கத்தில் ஒருநாளும் இறங்காத தோட்டத் தமிழனும் ஈயத்தின் வரலாற்றுக்குள் நிற்பவனே.

அந்த வாழ்வு 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் சரிந்தது. விலை விழாமல் தாங்குவதற்காக ஈயத்தை வாங்கிக் குவித்துவந்த பன்னாட்டு ஈயக் கழகத்தின் பணம் இலண்டனில் தீர்ந்துபோயிற்று. ஈய வாணிகம் நிறுத்தப்பட்டது. சில திங்களில் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. கிந்தாவில் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. பால் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. ஈயம் இருந்த இடத்தில் குட்டை நின்றது.

இதுகாறும் பொருளின் வரலாறு. இனி, பெயரோடு ஒட்டிய ஒரு கொடிய வரலாற்றையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

கௌதம தருமசூத்திரம் என்னும் வடமொழி நூலின் 12-ஆம் அத்தியாயத்தில் ஒரு விதி உண்டு. வேதம் ஓதுவதைச் சூத்திரன் வேண்டுமென்று கேட்பானாயின் அவன் செவியில் உலோகத்தை உருக்கி அரக்கோடு ஊற்றி நிரப்புக என்பது அதன் கருத்து. நம் நாட்டில் இதனை ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுதல் என்று சொல்லி வருகிறோம். மூலத்தில் உள்ள சொல் திரபு, அதாவது வெள்ளீயம். சொல்லில் இத்தனை நுட்பமாக இரண்டு ஈயத்தையும் பிரித்தறிந்த அறிவு, மனிதனுக்கு மனிதன் வேற்றுமையில்லை என்ற எளிய உண்மையை அறியவில்லை! 232 பாகையில் உருகியதாயினும் 327 பாகையில் உருகியதாயினும் செவிக்கு வேறுபாடு யாது? பிரம சூத்திரத்துக்கு உரை எழுதிய சங்கரரும் சூத்திரருக்கு வேதக் கல்வி இல்லை என்பதற்கு இவ்விதியை எடுத்துக்காட்டினார். இவ்விதியில் ஈயம் கருவி; கல்வியை அடைப்பதே நோக்கம்.

அதே ஈயத்துக்கு வரலாறு மற்றொரு வேலையையும் கொடுத்தது. அச்செழுத்து வார்க்கும் உலோகம் யாது? பெரும்பகுதி காரீயம், நன்கு ஓடி அச்சை நிரப்புதற்குச் சிறிது வெள்ளீயம், கடினத்துக்காக அஞ்சனக்கல்லின் உலோகம். தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியினின்று வந்த தமிழெழுத்துகள் மிகப் பெரியனவாயிருந்து தாளை விழுங்கின. ஆதலின் அங்கேயே சிறிய எழுத்து வார்த்தனர். உலோகம் போதாமையால், பாலாடைக் கட்டி பொதிந்து வந்த ஈய உறைகளையும் உருக்கிக்கொண்டனர் என்று அச்சு வரலாறு எழுதியோர் குறிப்பர். செவியை அடைக்க உருக்கச் சொன்ன பொருள் கண்ணைத் திறக்க உருகிற்று. நூறு பேர் மனத்தில் மட்டும் இருந்தது ஆயிரம் பேர் கையில் வந்தது. மலாய் நாட்டில் 1924-இல் தோன்றிய தமிழ் நேசனும், 1935-இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழ் முரசும் அந்த ஈய எழுத்துக் காலத்துப் பிள்ளைகளே. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியபின், லயத்துச் சிறுவனும் அவ்வெழுத்தைக் கூட்டிப் படித்தான். படித்தவன் தன் கூலிச் சீட்டையும் படித்தான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஈயம் என்னும் பெயரின் மயக்கம் இன்று யாரைச் சுடுகின்றது?

காரீயம் உடலுக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை. அது எலும்பில் தங்கும், குருதியைக் கெடுக்கும், குழந்தையின் மூளையை மழுங்கச் செய்யும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இதனாலேயே பெட்ரோலினின்று காரீயம் நீக்கப்பட்டது. உலகில் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் அதனைக் கைவிட்டது. செய்தித்தாள்கள் "ஈயமற்ற பெட்ரோல்" என்றே எழுதின. பேராக்கில் அதைப் படித்தவர், நம் கிந்தா ஈயமா நஞ்சு என மயங்கியிருந்தால் அது அவர் குற்றமன்று. பெயரின் குற்றம்.

மறுபுறம், பழைமையைப் போற்றுவோர் ஈயச் சொம்பில் ரசம் வைக்கவேண்டும் என்கின்றனர்; கடைகளில் அது மீண்டும் விலையாகின்றது. நல்ல வெள்ளீயத்தாற் செய்த சொம்பில் கேடில்லை. நீரின்றி அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்பதைப் பழகிய பெண்கள் அறிவர். 232 பாகை என்னும் எண்ணை அறியாமலே அதன் பொருளை அறிந்தவர் அவர். ஆனால் கடைக்காரர் "ஈயம்" என்று சொல்லிக் கொடுப்பது எந்த ஈயம்? காரீயம் வெள்ளீயத்தினும் விலை குறைந்தது. ஆதலின் கலப்படத்துக்கு இடமுண்டு. தனிக் காரீயமாயின் கை கனத்தாலும், தாளில் தேய்த்தால் விழும் கரிய கோட்டாலும் ஒருவாறு உணரலாம். சிறிதளவே கலந்திருந்தால் கண்ணும் கையும் காட்டிக்கொடுக்கா, ஆய்வுச்சாலையே சொல்லவேண்டும். புளியும் உப்பும் கொதிக்கும் கலத்தில் காரீயம் கரைந்து ரசத்தோடு இலைக்கு வரும். பாட்டி செய்தாள், ஆகவே நன்று என்பது போதிய விடையன்று. பாட்டியின் சொம்பு எதனால் ஆனது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. உலோகம் சேர்ந்த மருந்துகளை உண்டு காரீய நஞ்சு ஏறியோரைப் பற்றி மருத்துவ ஏடுகள் பன்முறை எழுதியுள்ளன. அங்கும் வங்கம், நாகம் என்ற பெயரோடு நின்றுவிடாமல், உள்ளே இருப்பது எது என்று கேட்பதே அறிவு.

வெள்ளீயத்தின் காலம் முடிந்துவிட்டதோ எனின், அன்று. இன்று வெள்ளீயத்தின் பெரும் பயன் உண்கலத்தில் இல்லை; தொலைபேசியிலும் கணிப்பொறியிலும் நுண்கம்பிகளை ஒட்டவைக்கும் பற்றிலே உள்ளது. அப்பற்றில் காரீயம் கூடாது என ஐரோப்பிய நாடுகள் 2006-ஆம் ஆண்டு ஜூலை முதல் சட்டம் நடத்துகின்றன. தமிழில் இதனைச் சொல்லப் புகுந்தால் "ஈயம் இல்லாத ஈயப்பற்று" என்று சொல்ல நேரும். கேட்பவர் நகைப்பர், மாணவனோ தடுமாறுவான்.

ஆகவே நாம் வேண்டுவது சிறிது. புதுச்சொல் படைக்க வேண்டுவதில்லை; முன்னோர் வைத்த சொல் கையிலிருக்கின்றது. வெள்ளீயத்தை வெள்ளீயம் என்றும், காரீயத்தைக் காரீயம் என்றும் ஆசிரியர் வகுப்பிலும், பத்திரிகைகள் பத்தியிலும், கடைக்காரர் சீட்டிலும் பிரித்தே வழங்குக. பென்சிலின் கருங்குச்சியைக் கரி என்றே குழந்தைக்குச் சொல்லுக. ஈயக் குட்டையோரம் வளரும் தமிழ்ப் பிள்ளை, தீமா என்று மலாயிலும், டின் என்று ஆங்கிலத்திலும், வெள்ளீயம் என்று தமிழிலும் ஒரே பொருளை ஐயமின்றிச் சுட்டட்டும். தன் ஊரை எழுப்பிய பொருள் எது, தன் பாட்டன் மண்சுமந்து போட்ட பாதையில் சென்றது எது, தன் தாய் கடையில் விலை கேட்கும் சொம்பு எது என்று அப்பிள்ளை பிரித்துச் சொல்லுமானால் அதுவே போதும்.

பெயரைக் கேட்ட அளவில் மதிப்பதும், பெயரைக் கேட்ட அளவில் இகழ்வதும் நம் சமூகத்தில் நெடுங்காலம் நடந்துவந்துள்ளன. மனிதருக்கு இட்ட பெயர்களால் நாம் பட்ட பாடு உலகறியும். பொருளுக்கு இட்ட பெயரையாவது உரசிப் பார்க்கப் பழகினால், மற்றப் பெயர்களையும் உரசிப் பார்க்கும் துணிவு தானே வரும்.